டிரைவர் நிரலில் பாயின்டர் சோதனையைப் பரிசீலிக்கும் முறை

ஆர்.கே. பாலிகா கியோனிக்ஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த 1970களின் பிற்பகுதியில், கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலுமாக 332 ஏக்கர் நிலத்தில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு அஸ்திவாரம் இடப்பட்டபோது, அதற்குத் தெற்கே ஆனேக்கல் வரையில் பரந்து கிடந்த ராகிக் கொல்லைகளின் ஓரத்தில் என்றேனும் ஒருநாள் கெர்னல் நிரல் எழுதப்படும் என்று எவரும் கனவு கண்டிருக்க நியாயமில்லை. இன்றோ பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் அத்திப்பள்ளியிலும் உள்ள தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்குள் லினக்ஸ் குடியிருக்கிறது. அதன் டிரைவர்களை எழுதுகிறவர்களும், எழுதியதைப் பரிசீலிக்கிறவர்களும், ஆனேக்கல்லிலும் சந்தாபுரத்திலும் குடியிருந்தோ, நாள்தோறும் ஓசூரிலிருந்து எல்லை தாண்டி வந்தோ அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ‘சி’ மொழி தெரிந்து, ஒரு டிரைவரையாவது கைப்படத் திருத்திப் பழகி, இனிப் பிறருடைய பேட்சைப் படித்துச் சம்மதமோ மறுப்போ சொல்ல வேண்டிய ஸ்தானத்துக்கு வந்திருக்கும் வாசகருக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

புதிதாகப் பரிசீலனைக்கு வருகிறவர், ஒவ்வொரு பாயின்டருக்கும் அருகே ‘நல்’ சோதனை ஒன்று இருக்கிறதா என்று தேடி, இருந்தால் திருப்தியடைந்தும், இல்லாவிட்டால் ‘சோதனை சேர்க்கவும்’ என்று எழுதியும் தம் கடமை முடிந்ததாக எண்ணுவது சர்வசாதாரணம். சோதனை இருப்பதனால் மட்டும் பயனில்லை. அது எந்த வரிசையில் நிற்கிறது, எந்த ஜாதிப் பிழையைப் பிடிக்கிறது, பிடித்தபின் என்ன மதிப்பைத் திருப்பியனுப்புகிறது என்பவையே பரிசீலனையின் சாரம். இதற்குப் பாடம் புகட்டிய ஒரு சம்பவம் உண்டு; சித்தாந்தமென்று இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது அது ஒன்றே.

சோதனை இருந்தும் தோற்ற கதை

லினக்ஸில் ‘டன்’ என்றொரு டிரைவர் உண்டு; வி.பி.என். முதலியவற்றுக்காகக் கற்பனையானதொரு வலைச் சாதனத்தை உண்டாக்கித் தருவது அதன் தொழில். 2009 ஜூனில் வெளிவந்த 2.6.30ஆம் பதிப்பில், அந்த டிரைவரின் ‘போல்’ ஃபங்ஷனில், மாறிகளை அறிவிக்கும் பகுதியிலேயே, ‘டன்’ பாயின்டர் வழியாக அதன் சாக்கெட்டைப் படித்தெடுக்கும் வரி ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது; அந்தப் பாயின்டர் ‘நல்’லா என்று கேட்கும் பழைய சோதனையோ அதற்கு இரண்டொரு வரி கீழே, எவர் கண்ணுக்கும் படும்படியாக, முன்போலவே நின்றுகொண்டிருந்தது. சாதனக் கோப்பைத் திறந்துவிட்டு, எந்த வலைச் சாதனத்தோடும் இணைக்காமலே ‘போல்’ அழைத்தால் பாயின்டர் ‘நல்’லாக வரும். அப்படி வந்தால் கெர்னல் ‘ஊப்ஸ்’ சொல்லி விழும், அவ்வளவுதானே என்று நினைக்கத் தோன்றும்.

விபரீதம் வேறு திசையிலிருந்து வந்தது. பாயின்டர் வழியே ஏற்கெனவே படித்தாயிற்று, ஆகையால் அது ‘நல்’லாக இருக்க முடியாது, ஆகையால் பின்னால் வரும் சோதனை அநாவசியம் என்று, ‘சி’ மொழியின் விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டே தர்க்கம் செய்த ஜி.சி.சி. கம்பைலர், அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. தாக்குபவன் 0ஆம் முகவரியில் தன் சொந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டால், படிக்கும் வரி விழாமல் வெற்றி பெறும். அடுத்து அவனைத் தடுக்கச் சோதனையும் இல்லை. 0ஆம் முகவரியைச் சாமானிய நிரல்களுக்கு மறுக்கும் காப்பு 2007 முதற்கொண்டே கெர்னலில் இருந்தும், அதைச் சுற்றிச் செல்லும் வழியையும் சேர்த்து, ஜூலை மாதத்தில் பிராட் ஸ்பெங்க்லர் செயல்முறையில் நிரூபித்துக் காட்டினார். திருத்தமோ, அந்த ஒற்றை வரியைச் சோதனைக்குக் கீழே இறக்கியது மட்டுமே. அதனோடு, ‘நல்’ சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குக் கட்டளையிடும் தெரிவு ஒன்றும் கெர்னலின் மேக்ஃபைலில் நிரந்தரமாக இடம்பெற்றது.

பயன்படுத்திய பிறகு சோதிப்பது, திருடன் போன பிற்பாடு கதவைத் தாழிடுவது போன்றது என்று சொல்வதுகூட இங்கே போதாது. ஏனெனில் கதவே இருக்கவில்லை.

வேலையைத் தொடங்குமுன் ஜாக்கிரதைகள்

பரிசீலனை என்பது படிப்பு மாத்திரமன்று. சந்தேகம் எழுந்த இடத்தை ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்பளிப்பது கூடாது. ஓட்டிப் பார்ப்பதிலோ அபாயங்கள் உண்டு.

1. அலுவல் மடிக்கணினியில் சோதனைக் கெர்னலை ஏற்றாதீர்கள். கியூஇஎம்யு போன்றதொரு மெய்நிகர் இயந்திரத்தில், நிலைப்பதிவு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். உங்கள் சொந்தக் கோப்புறைகளை எழுதும் உரிமையோடு அதற்குள் இணைக்காதீர்கள்.

2. மெய்யான பலகையில்தான் ஓட்டியாக வேண்டுமென்றால், முன்பு ஒழுங்காக ஓடிய கெர்னல் ஒன்றைத் துவக்கப் பட்டியலில் விட்டு வையுங்கள்.

3. சீரியல் கன்சோலை வேறொரு கணினியோடு இணைத்துப் பதிவெடுங்கள். கெர்னல் விழும் தறுவாயில் அச்சிடும் கடைசி வரிகள் வட்டில் போய்ச் சேரும் என்று நம்புவதற்கில்லை. நமக்கு வேண்டியவையோ அந்த வரிகளே.

4. பலகையோடு மோட்டாரோ, சூடேற்றியோ, காற்றழுத்த வால்வோ இணைந்திருந்தால், அவற்றின் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிடுங்கள். டிரைவர் பாதியில் மாண்டால் வெளியீட்டுப் பின்கள் கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும். ‘ஓடு’ என்ற நிலையில் நின்றுவிட்ட மோட்டாருக்கு எதிரில் கையை வைத்துக்கொண்டு பாயின்டர் ஆராய்ச்சி செய்வது விவேகமன்று.

5. பலகையின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும்போது யு.பி.எஸ். இருக்கட்டும். மழைக்கால மாலைகளில் பெஸ்காம் மின்சாரம் முன்னறிவிப்போடு போவதில்லை என்பது ஆனேக்கல் வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

6. ஒரு முறை ‘ஊப்ஸ்’ வந்துவிட்டால், இயந்திரம் மேற்கொண்டு ஓடுவதுபோல் தோன்றினாலும் அதை நம்பிச் சோதனையைத் தொடராதீர்கள்; பூட்டுகள் பூட்டியபடியே கிடக்கலாம், நினைவகம் சிதைந்திருக்கலாம். மறுபடி துவக்கிய பின்னரே அடுத்த சோதனை.

பரிசீலனையின் வரிசை

படி 1. பேட்சை ஏற்றி, முழு ஃபங்ஷனையும் படியுங்கள். கூட்டல் கழித்தல் குறிகளோடு வரும் சில வரிகளை மட்டும் படிப்பது, கடிதத்தின் திருத்தங்களை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்துக்குக் கையெழுத்திடுவதாகும். அந்த ஃபங்ஷனை யார் யார் அழைக்கிறார்கள் என்பதையும், அதற்குள் வரும் பாயின்டர் எங்கே பிறந்தது என்பதையும், அது பிறந்த இடம் வரையில் பின்னோக்கிச் சென்று பாருங்கள்.

படி 2. ஒவ்வொரு பாயின்டருக்கும் ஜாதகம் எழுதுங்கள். ஒரு காகிதத்தில் நான்கு பத்திகள் போதும்: யார் தந்தது, தோல்வியில் எந்த உருவில் வரும், யாருக்குச் சொந்தம், எப்போது மடியும். பழகியவர்கள் இதை மனத்துக்குள்ளேயே செய்துவிடுவார்கள்; பழகும் வரையில் காகிதத்தைக் கைவிட வேண்டாம்.

படி 3. தந்தவரின் ஒப்பந்தத்தைச் சரிபாருங்கள். பெரும்பாலான பிழைகள் விளையும் நிலம் இதுதான். ஆகவே சற்று நின்று நிதானிப்போம்.

கெர்னலில் பாயின்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்கள் யாவும் தோல்வியை ஒரே விதமாகச் சொல்வதில்லை. நினைவகம் கேட்கும் ‘கே-மல்லாக்’, ‘கே-இஸட்-அல்லாக்’ முதலியவை தோல்வியில் ‘நல்’ தரும். கடிகாரம் கேட்கும் ‘கிளாக் கெட்’, இழை தொடங்கும் ‘கே-திரெட் ரன்’ முதலியவை, முகவரி வெளியின் உச்சியிலுள்ள கடைசி 4095 மதிப்புகளுக்குள் பிழை எண்ணைப் புதைத்து, பிழைப் பாயின்டராகத் தரும். அதற்கு ‘நல்’ சோதனை பயன்படாது, ‘ஈஸ்-எர்’ சோதனையே வேண்டும். இரண்டும் கலந்துபோவதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை: ‘டெவ்-எம் ஐ-ஓ-ரீமேப்’ என்பது தோல்வியில் ‘நல்’ தருகிறது, அதன் பெயரோடு ‘ரிசோர்ஸ்’ என்ற ஒரு சொல் கூடிய உடன்பிறப்போ பிழைப் பாயின்டரைத் தருகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிய பேட்சில், கீழேயுள்ள சோதனையும் மாறியிருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள்.

மூன்றாவது வகை, ‘ஆப்ஷனல்’ என்று பெயர் முடிகிறவை. ஜி.பி.ஐ.ஓ. பின்னையோ கடிகாரத்தையோ இந்த வழியில் கேட்டால், அது பலகையில் இல்லாதபோது ‘நல்’ வரும். அது தோல்வியன்று, ‘இல்லை, இல்லாமலே தொடரலாம்’ என்ற சம்மதம். அந்த ‘நல்’லைக் கண்டு வெளியேறும் நிரல், அந்தப் பின் இல்லாத பலகைகளிலெல்லாம் டிரைவரையே முடக்கிவிடும். இதிலும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள்: ரெகுலேட்டரை ‘ஆப்ஷனல்’ வழியில் கேட்டால், இல்லாதபோது ‘நல்’ வருவதில்லை, ‘சாதனம் இல்லை’ என்ற பிழைப் பாயின்டரே வருகிறது. பெயரின் ஒற்றுமையை நம்பிப் பரிசீலிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது போதும். ஃபங்ஷனின் உடலைத் திறந்து படிக்காமல் அதன் ஒப்பந்தத்தை ஊகிக்க வேண்டாம்.

நான்காவது வகை, ‘நல்’ தரும் என்று நம்பவே முடியாதவை. ‘கன்டெய்னர்-ஆஃப்’ என்பது வெறும் கழித்தல். உள்ளே ‘நல்’ போனால், அந்த உறுப்பு கட்டமைப்பின் தொடக்கத்திலேயே இருந்தாலன்றி, கழிக்கப்பட்ட ஏதோ ஒரு எண் வெளியே வரும், ‘நல்’ வராது. காலியான பட்டியலில் முதல் உறுப்பைக் கேட்டாலும் அப்படியே. பட்டியலைச் சுற்றிவரும் வளையம் எதையும் கண்டுபிடிக்காமல் முடிந்தால், அதன் மாறி ‘நல்’லாக இராது; பட்டியல் தலையையே ஓர் உறுப்பாகப் பாவித்த போலி முகவரியாக இருக்கும். இந்தப் பிழை கெர்னல் முழுவதும் பரவியிருந்த காரணத்தாலேயே, 2022 மே மாதம் வந்த 5.18ஆம் பதிப்பில், வளையத்துக்குள்ளேயே மாறியை அறிவிக்க இடந்தரும் சி11 தரத்துக்குக் கெர்னல் மாற்றப்பட்டது. இவ்விடங்களில் ‘நல்’ சோதனையைக் கண்டால், அதை எழுதியவர் விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதற்கு அதுவே சாட்சி.

படி 4. சோதனைக்கு முந்திய முதல் தொடுதலைத் தேடுங்கள். சோதனையைக் கண்டவுடன் கண்ணைக் கீழே செலுத்தாமல் மேலே செலுத்துங்கள். அறிவிப்பு வரிகளில் மதிப்பிடுதல், பிழைத்திருத்தச் செய்தி அச்சிடும் வரிகள், பூட்டைப் பூட்டும் வரிகள் ஆகிய மூன்றும் பாயின்டரைச் சோதனைக்கு முன்னாலேயே தொட்டுவிடும் இடங்கள். உறுப்பின் முகவரியை மட்டும் எடுப்பது நினைவகத்தைப் படிப்பதாகாது. ஆனால் அந்த முகவரியைப் பெற்றுக்கொண்ட ஃபங்ஷன் உள்ளே போய்ப் படிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 5. தோல்விப் பாதையை நடந்து பாருங்கள். ‘ப்ரோப்’ ஃபங்ஷன் ஒவ்வொரு கட்டத்திலும் தோற்பதாகப் பாவித்து, ஏறிய படிகளில் தலைகீழ் வரிசையில் இறங்குகிறதா என்று பாருங்கள். ‘கே-ஃப்ரீ’க்கு ‘நல்’ கொடுத்தால் பாதகமில்லை. பிழைப் பாயின்டர் கொடுத்தால் கெர்னல் விழும்.

இங்கே மிக நுட்பமான பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. பிழையா ‘நல்’லா என்று இரண்டையும் சேர்த்துச் சோதித்துவிட்டு, அந்தப் பாயின்டரிலிருந்தே பிழை எண்ணை எடுத்துத் திருப்பியனுப்பும் நிரலைப் பாருங்கள்: பாயின்டர் ‘நல்’லாக இருந்தால் வெளிவரும் எண் 0, கெர்னலில் 0 என்றால் வெற்றி! சோதனை பிடித்துவிட்டது, ஆனால் அழைத்தவருக்கு ‘எல்லாம் க்ஷேமம்’ என்று தந்தி போகிறது. சாதனம் பாதி உயிரோடு பதிவாகி, பிறகு வேறெங்கோ, சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் ஓரிடத்தில் விழுகிறது. இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் வரியைக் கண்டபோதெல்லாம், ஒப்பந்தம் தெரியாமல் எழுதப்பட்டதோ என்று சந்தேகியுங்கள். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் பொய்க்காது.

படி 6. பயனர் தந்த பாயின்டரைத் தனியே வையுங்கள். ‘ஐ-ஆக்ட்ல்’ வழியாக வெளியிலிருந்து வரும் முகவரியை நேரே தொடுவது கூடாது. ‘காப்பி-ஃப்ரம்-யூசர்’ வழியாகவே எடுக்க வேண்டும். அது தோல்வியில் பிழை எண்ணைத் தருவதில்லை, நகலாகாமல் எஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் தருகிறது. அதை அப்படியே திருப்பியனுப்பும் பேட்சை மறுத்துவிடுங்கள். ஒரே மதிப்பைப் பயனர் நினைவகத்திலிருந்து இருமுறை எடுத்து, முதலாவதைச் சோதித்து இரண்டாவதைப் பயன்படுத்தும் நிரலும் செல்லாது. இடைப்பட்ட கணத்தில் வேறொரு இழை அதை மாற்றிவிடும்.

படி 7. ‘நல்’ அல்லாத பொய்ப் பாயின்டர்களைத் தேடுங்கள். விடுவிக்கப்பட்ட நினைவகத்தைக் காட்டும் பாயின்டர் எந்தச் சோதனையையும் தாண்டிவிடும். ஆகையால் ‘ரிமூவ்’ ஃபங்ஷனில், நினைவகம் விடுபடுமுன் டைமரும், ஒர்க்-கியூவும், இன்டரப்ட்டும் நிறுத்தப்பட்டு, ஓடிக்கொண்டிருப்பவை முடியும் வரை காத்திருக்கப்பட்டதா என்று பாருங்கள். ‘டெவ்-எம்’ வகை நினைவகம் சாதனம் கழன்ற உடனே தானாக விடுபடும். ஆனால் எவரேனும் சாதனக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் அவர் கையில் பழைய பாயின்டர் எஞ்சியிருக்கும். மறுபுறம், ‘ப்ரோப்’பில் இன்டரப்ட்டை அவசரப்பட்டு முன்னதாகப் பதிவுசெய்தால், தரவு தயாராகுமுன்பே இன்டரப்ட் வந்து வெறும் பாயின்டரைத் தொடும்.

எல்லை மீறிய படிப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், 20 உள்ளீடுகளே கொண்ட வரிசையில் 21ஆவதைப் படிக்கப் புகுந்து, மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகளை வீழ்த்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கிடைத்த முகவரி ‘நல்’ அன்று, வெறும் குப்பை எண். ‘நல்’ சோதனை எத்தனை வைத்திருந்தாலும் பிடித்திராது. பாயின்டர் வரிசை வழியே வந்தால், அந்த வரிசையின் நீளம் எங்கே சரிபார்க்கப்படுகிறது என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும்.

வேண்டாத சோதனைகளைக் குறித்து

சோதனை மிகுந்தால் நஷ்டமென்ன என்று கேட்பவர் உண்டு. ‘ப்ரோப்’ வெற்றி பெற்றாலன்றி ‘ரிமூவ்’ அழைக்கப்படாது என்ற உத்தரவாதம் இருக்க, அங்கே சாதனத் தரவு ‘நல்’லா என்று கேட்டு மௌனமாக வெளியேறும் வரி, பின்னாளில் வரும் படிப்பாளிக்கு ‘இது நல்லாக வரக்கூடும்’ என்ற பொய்யைக் கற்பிக்கிறது. மெய்யாகவே ஒரு பிழை அதை ‘நல்’லாக்கினால், கூச்சலிட்டு விழ வேண்டிய இடத்தில் அதை மூடி மறைக்கிறது. நான் சோதனை சேர்க்கச் சொன்ன இடங்களை எவரும் ஆட்சேபிப்பதில்லை. நீக்கச் சொன்னால் மட்டுமே வாதம் நீள்கிறது. நீளட்டும், பாதகமில்லை.

குறிப்பு: ‘கே-ஃப்ரீ’க்கு முன்னால் ‘நல்’ சோதனையும், ‘டீபக்-எஃப்.எஸ்.’ கோப்புறை உருவாக்கியதன் விளைவைச் சோதிப்பதும் தேவையற்றவை. இவற்றை நீக்கச் சொல்லலாம். ஆனால் இவற்றின் பொருட்டு ஒரு நல்ல பேட்சை நிறுத்தி வைக்க வேண்டாம்.

கருவிகளைத் துணைக்கு அழைத்தல்

1. ‘ஸ்பார்ஸ்’: லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய கருவி. ‘மேக் சி=1’ என்று கட்டினால், பயனர் பாயின்டரும் கெர்னல் பாயின்டரும் கலந்த இடங்களைக் காட்டும்.

2. ‘ஸ்மாட்ச்’: படி 4இல் சொன்ன வரிசைப் பிழையைப் பிடிப்பதில் இதற்கு நிகர் குறைவு, ‘சோதனைக்கு முன்னரே பயன்படுத்தப்பட்டது’ என்று வரி எண்ணோடு சொல்லும். அது சொல்வதெல்லாம் வேதவாக்கன்று. சோதனை வீண் என்பதாலும் அந்த எச்சரிக்கை வரும். வரியை இறக்குவதா சோதனையை நீக்குவதா என்பதை நீங்களே நிர்ணயிக்க வேண்டும்.

3. ‘காக்ஸினெல்’: கெர்னல் மூலத்தோடேயே வரும் வார்ப்புருக்களில் ‘நல்’ சம்பந்தமானவை ஒரு தனிக் கோப்புறையாக உள்ளன.

4. ‘கேசான்’: 2015இல் 4.0ஆம் பதிப்போடு சேர்ந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழலாக வைத்துக் காவல் புரிவதால், சிறிய பலகைகளில் இடம் போதாமற் போகலாம். மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுங்கள். படி 7இன் பிழைகளுக்கு இதுவே கண்.

5. ‘ஃபெயில்-ஸ்லாப்’: நினைவகக் கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் கெர்னல் வசதி. தோல்விப் பாதைகள் அன்றாட ஓட்டத்தில் நடக்கப்படுவதே இல்லை. ஆகையால் இதை ஓட்டாமல் ‘ப்ரோப்’பின் இறங்குபடிகளைச் சரியென்று ஒப்பாதீர்கள்.

கருத்தை எழுதும் முறை

‘இங்கே நல் சோதனை இல்லை’ என்று மொட்டையாக எழுதினால், எழுதியவர் சிந்திக்காமலே ஒரு சோதனையைச் சேர்த்து அனுப்பிவிடுவார். அது தவறான இடத்திலும் அமையக்கூடும். எந்த அழைப்பில், எந்த நிலையில் அந்தப் பாயின்டர் வெறுமையாகவோ பிழையாகவோ வரும் என்ற பாதையை ஃபங்ஷன் பெயர்களோடு எழுதுங்கள். அந்தப் பாதையை உங்களால் எழுத முடியவில்லையென்றால், குறையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்.

பழைய பிழையைத் திருத்தும் பேட்சாக இருந்தால், அதில் ‘ஃபிக்ஸஸ்’ வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிழையைப் புகுத்திய கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும் அதில் இருக்க வேண்டும். நீண்டகாலப் பராமரிப்பிலுள்ள பதிப்புகளுக்குத் திருத்தத்தை எடுத்துச் செல்பவர்கள் எந்தப் பதிப்பு வரை பின்னோக்கிப் போக வேண்டும் என்பதை அந்த ஒரு வரியைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். தொழிற்சாலைப் பலகைகளில் ஓடுவதும் பெரும்பாலும் அந்தப் பழைய பதிப்புகளே.